பாகான் செராயிலிருந்து மேடை எவ்வளவு தூரம்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே என் அக்கா வீட்டில் விளக்கு எரியும். பாகான் செராய் கடைத்தெருவில் கோப்பிக் கடைகள்கூட அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருக்கும். பதினெட்டு வயது மருமகள் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மச்சானின் மோட்டார்சைக்கிளில் ரயில் நிலையத்துக்குக் கிளம்புவாள். பட்டர்வொர்த் வரை கொமியூட்டர் ரயில், அங்கிருந்து ஃபெர்ரி, பிறகு பேருந்து. பினாங்கில் ஒன்றரை மணி நேர வகுப்பு. முடிந்ததும் அதே வழியில் திரும்ப வேண்டும். ரயிலுக்கும் ஃபெர்ரிக்கும் காத்திருப்பதைச் சேர்த்தால், ஒன்றரை மணி நேரப் பாடத்துக்காக ஒரு முழுநாள் போய்விடும்.

ஏழு ஆண்டுகளாக இப்படித்தான். முதல் நான்கு ஆண்டுகள் அக்கா கூடவே போனார். இப்போது அவள் தனியாகப் போகிறாள்.

எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில் அக்கா என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் பேசினார்.

“தம்பி, அவ சென்னைக்குப் போய் வயலின் படிக்கணும்னு சொல்றா. மச்சான், மொதல்ல ஆறாம் படிவம் முடிக்கட்டும்ங்குறாரு. ரெண்டு பேரும் ரெண்டு நாளா சரியா பேசிக்கல. நீதான் வானொலியில இருக்க, எத்தனையோ கலைஞருங்கள பேட்டி எடுத்திருக்க. இந்த மாதிரி புள்ளைங்களுக்குக் கைகொடுக்க யாராச்சும் இருக்காங்களா? விசாரிச்சுச் சொல்லு.”

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வந்த கலைஞர்களிடம் “உங்கள் குரு யார்?”, “உங்களுக்குப் பிடித்த ராகம் எது?” என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். “உங்கள் பத்தாவது மேடையை உங்களுக்குக் கொடுத்தது யார்?” என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மருமகளுக்குத் தேவையான பதில் அதில்தான் இருந்தது.

அலமாரிக்கு மேல் ஒரு மிருதங்கம்

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. பாகான் செராய்க்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு வாத்தியார், வாரம் இரண்டு நாள், எட்டுப் பையன்களுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். அவர் எங்களிடம் காசு கேட்டதில்லை. வீட்டிலிருந்து வாழைப்பழமோ கீரையோ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

எனக்குப் பதினாறு வயதானபோது வெளியூர் நிகழ்ச்சி ஒன்றில் எங்கள் குழுவுக்குப் பதினைந்து நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களை வேனில் கூட்டிப் போனார். மாலை நான்கு மணியிலிருந்து காத்திருந்தோம். பேச்சாளர்கள் பேசினார்கள், மாலை மரியாதை நடந்தது, அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, “நாலு நிமிஷத்துல முடிச்சுக்குங்க தம்பி” என்றார். நான்கு நிமிடம் வாசித்தோம். அப்போது நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். எங்களைத் தடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. ஆனால் அடுத்து எங்கே வாசிப்பது, யாரைப் பார்ப்பது என்று சொல்லவும் ஆளில்லை. படிவம் ஐந்து முடிந்தது. எட்டுப் பேரும் எட்டுத் திசையில் போனோம். என் மிருதங்கம் அம்மாவின் அலமாரிக்கு மேல் துணி மூடி இருக்கிறது. வார் தளர்ந்துவிட்டது.

அதனால்தான் அக்கா கேட்டதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இளம் இசைக் கலைஞர்களை வளர்க்கும் அமைப்புகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று தேட ஆரம்பித்தேன்.

மதிய வெயிலில் திறக்கும் கதவு

சென்னையிலிருந்து தொடங்குவோம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் பிறந்தது மியூசிக் அகாடமி. அதன் டிசம்பர் விழாவில் மாலைக் கச்சேரி பாடுவதையும், ஜனவரி முதல் தேதி சங்கீத கலாநிதி விருது வாங்குவதையும் கர்நாடக இசைக் கலைஞர்கள் வாழ்நாள் பெருமையாக நினைப்பார்கள்.

நம் கண்ணில் படாத இன்னொன்று அந்த விழாவின் நேர அட்டவணை. காலையில் இசை அறிஞர்களின் விளக்கவுரை. பகல் வேளையில் இளையோர் கச்சேரி. மாலை தொடங்கும்போது அடுத்த நிலையில் உள்ளவர்கள். அதன் பிறகு மூத்த கலைஞர்கள். பகல் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. வெயிலில் நடந்துவரும் ரசிகர் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பகலில் நன்றாகப் பாடியவர் சில ஆண்டுகளில் மாலைக்கு நகர்கிறார். பல சபாக்களில் இதே முறைதான். ஓர் இளைஞர் இன்று எந்தப் படியில் நிற்கிறார், அடுத்த படி எது என்பது அவருக்கும் தெரிகிறது, ஊருக்கும் தெரிகிறது.

இந்தக் கதவு வழியாக நுழைந்தவர்கள் சாதாரணமானவர்களா? எம்.எஸ். சுப்புலட்சுமி 1929இல் மியூசிக் அகாடமியில் பாடியபோது அவருக்கு வயது 13. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் வாசித்தபோது அவருக்கு 12 வயது. கர்நாடக இசைக்கே புதிதான ஒரு கருவியைக் கையில் வைத்திருந்த சிறுவனுக்கு, “முதலில் பேர் வாங்கிக்கொண்டு வா” என்று சொல்லாமல் மேடை கொடுத்தார்கள். பேர் அதற்குப் பிறகுதான் வந்தது.

தமிழில் பாடுவதற்கென்றே ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கத்தை உருவாக்கினார். விழா நடத்துவதோடு நிற்காமல் இசைக் கல்லூரியும் நடத்தும் சங்கம் அது. தேவாரத்தில் பண் கற்ற பிள்ளை அடுத்து என்ன படிப்பது என்று தேடினால், அதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

பிள்ளைகளே தொடங்கிய சங்கம்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பெரிய சபாக்களைவிட ஒரு சிறிய சங்கம்தான். 1985இல் சென்னையில் யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் என்ற அமைப்பு தொடங்கியது. சுருக்கமாக ஒய்ஏசிஎம். இதைத் தொடங்கியவர்கள் செல்வந்தர்களோ அரசியல்வாதிகளோ அல்லர். அன்றைக்கு இசை கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள். விஜய் சிவா, சஞ்சய் சுப்ரமண்யன் போன்றவர்கள் அதில் இருந்து வளர்ந்தவர்கள். பெரியவர்கள் இடம் தரும்வரை காத்திருக்காமல் அவர்களே கச்சேரி ஏற்பாடு செய்தார்கள், சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள், தங்கள் வயதினரிடம் இசையைக் கொண்டுபோனார்கள்.

அந்த வழியில் வந்த டி.எம். கிருஷ்ணா, பாம்பே ஜெயஸ்ரீயுடன் சேர்ந்து 2008இல் ‘ஸ்வானுபவா’ என்ற மாணவர் விழாவைத் தொடங்கினார். மாணவர்கள் கலைஞர்களை நேரில் கேட்கவும் அவர்களோடு பேசவும் அங்கே வழி இருந்தது. பின்னாளில் இருவருமே சங்கீத கலாநிதி ஆனார்கள், ஜெயஸ்ரீ 2023இல், கிருஷ்ணா 2024இல்.

கடல் கடந்த தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978இல் சிறிய அளவில் தொடங்கிய தியாகராஜ ஆராதனை, இன்று பல நாள் நடக்கும் பெரிய விழா. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கான போட்டிகள்தான் அதன் முதுகெலும்பு. பக்கத்திலேயே சிங்கப்பூரில், 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இன்றும் வகுப்பும் விழாவும் நடத்துகிறது.

இவர்கள் எல்லாரும் கொடுத்தது பணத்தைவிட முக்கியமான ஒன்று. துணை. என் மருமகள் மூன்று ஆண்டுகளாக ரயிலில் தனியாகப் போகிறாள். அவள் வகுப்பறையில் வயலின் வாசிக்கும் இன்னொரு பிள்ளை கிடையாது. கல்யாணி ராகத்தைப் பற்றி அவள் யாரிடம் பேசுவாள்?

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

இதை எழுதும்போது, “எல்லாம் சென்னையில்தான், இங்கே ஒன்றுமில்லை” என்று முடித்துவிடுவது சுலபம். அது நியாயம் இல்லை.

1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டுதலில் கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் உருவானது. நடனமும் இசையும் கற்றுத் தரும் இந்த அமைப்பு பினாங்கு, ஜொகூர் பாரு என்று விரிந்து, சிங்கப்பூர், பெர்த் வரை போயிருக்கிறது. அதோடு சேர்ந்தது ‘அன்னலட்சுமி’ சைவ உணவகம். தொண்டர்களின் உழைப்பு அதற்குப் பெரிய பலம். கலை கற்பிக்கும் அமைப்புக்கு உணவகம் எதற்கு என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது புரிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் சங்கம் ஒரு தலைவரோடு முடிந்துவிடும். தனக்கென்று உழைப்பும் வருமானமும் உள்ள சங்கம் தலைமுறைகளைத் தாண்டும்.

ரம்லி இப்ராஹிம் 1983இல் தொடங்கிய சூத்ரா நடனத்துக்கான அமைப்பு என்றாலும், அதன் ஒரு பணியை இங்கே சொல்லியாக வேண்டும். நகரத்துக்கு வர முடியாத இந்தியப் பிள்ளைகளைத் தேடி, தோட்டப்புறத்துக்கே ஆசிரியரை அனுப்பிக் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளை ரயில் ஏறி வரட்டும் என்று காத்திருப்பதும், ஆசிரியர் ரயில் ஏறிப் போவதும் ஒன்றல்ல. பாகான் செராயில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிறகு, நம்மில் பலரும் இசை அமைப்பு என்றே நினைக்காத ஒன்று இருக்கிறது. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழா. வட்டாரத்தில் வென்றவர் மாநிலத்துக்கு, மாநிலத்தில் வென்றவர் தேசிய நிலைக்கு. தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே பதிகத்தைப் பாடி ஒரே மேடையில் நிற்கும் இடம் அது. இந்த நாட்டில் பண் என்றால் என்ன, தாளம் என்றால் என்ன என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் காதில் முதலில் போட்டது அந்தப் போட்டிகள்தான். என் மருமகளும் ஒன்பது வயதில் அங்கே பாடி, சுருதி விலகி, பரிசு கிடைக்காமல் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவள். அந்த அழுகைதான் அவளை வகுப்பில் சேர்த்தது.

வெளிநாடு போய்ப் படிக்க நினைப்பவர்களுக்கும் வழிகள் உண்டு. 1950இல் நிறுவப்பட்ட ஐசிசிஆர் என்ற இந்தியக் கலாசார உறவுக் கழகம், இந்தியாவில் இசையும் நடனமும் பயில வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. கோலாலம்பூரில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியக் கலாசார மையம் அந்தக் கழகத்தைச் சேர்ந்தது. சென்னையில் ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் நடனத்தைப் போலவே கர்நாடக இசைக்கும் பட்டயப் படிப்பு உண்டு. இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னபோது, “இதெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்கும் கொடுப்பாங்களா?” என்று கேட்டார். விண்ணப்பம் எழுதினால்தானே தெரியும் என்றேன். நம் வீடுகளில் பாதிக் கதவுகள் தட்டப்படாமலே மூடியிருக்கின்றன.

என் நாற்காலிக்கும் ஒரு கேள்வி

தேடத் தேட, ஓரிடத்தில் எனக்கே சங்கடமாகிவிட்டது. இளம் கலைஞர்களைத் தூக்கிவிட்ட அமைப்புகளில் வானொலி நிலையங்கள் முன்வரிசையில் நிற்கின்றன.

அகில இந்திய வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, டாப் என்று கலைஞர்களுக்குத் தரம் பிரிக்கிறார்கள். அந்த முறையைப் பற்றிச் சண்டைகளும் விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் ஒரு சிற்றூரில் இருக்கும் கலைஞர், பெரிய மனிதர் சிபாரிசு இல்லாமல், தன் வாசிப்பை வைத்தே ஓர் அடையாளம் பெற அது வழி செய்தது. 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு இசைப் போட்டியும் நடத்துகிறார்கள்.

பிரிட்டனில் பிபிசி ரேடியோ 3, 1999இல் ‘நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் சில இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவு, கச்சேரி, பிபிசியின் வாத்தியக் குழுக்களோடு வாசிக்கும் வாய்ப்பு எல்லாம் கிடைக்கும். நியூயார்க்கில் 1961இல் சூசன் வாட்ஸ்வொர்த் என்ற பெண்மணி தொடங்கிய யங் கான்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அமைப்பும் இதே போலத்தான். தேர்வு வைத்து எடுத்து, முதல் கச்சேரியை நடத்திக் கொடுத்து, அடுத்தடுத்த கச்சேரிகளையும் அவர்களே தேடித் தருகிறார்கள். வயலின் கலைஞர் பிங்காஸ் சுக்கர்மேன் அப்படி வந்தவர்தான்.

நம் கோலாலம்பூரிலேயே, இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் பில்ஹார்மோனிக் அரங்கத்தில், மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு 2007இல் தன் முதல் கச்சேரியை நடத்தியது. மேற்கத்திய வயலின் கற்கும் பிள்ளைக்கு, வாசிப்புத் தேர்வில் தேறிச் சேர்ந்து, தொழில்முறைக் கலைஞர்களிடம் பயிற்சி பெற ஒரு வாசல் இருக்கிறது. நம் பிள்ளையின் கையிலும் அதே வயலின்தான் இருக்கிறது, தரையில் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்பதுதான் வித்தியாசம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு என் நிகழ்ச்சிப் பட்டியலைப் புரட்டினேன். திரைப்பாடல், வாழ்த்து, போட்டி, போக்குவரத்து நிலவரம். ஓர் ஆண்டில் நான் ஒலிபரப்பிய உள்ளூர் இளம் கர்நாடக இசைக் கலைஞர்களை விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையே அதிகமாக இருந்தது. நாற்காலி அடுக்கியவர்களை நான் இருபது ஆண்டுகளாக மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அரங்கேற்றத்துக்கு மறுநாள்

நான் பார்த்த அமைப்புகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. அவை ஒரு பிள்ளையை ஒரு நாள் கொண்டாடிவிட்டு விட்டுவிடுவதில்லை. இரண்டாவது மேடை, ஐந்தாவது மேடை, பத்தாவது மேடை என்று கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கச்சேரி செய்யும் பக்குவம் வீட்டுச் சாதகத்தில் மட்டும் வருவதில்லை. ஒலிபெருக்கி கத்தும்போதும், முன்வரிசையில் குழந்தை அழும்போதும், மிருதங்கக்காரர் தாளத்தைத் தூக்கிவிடும்போதும் வாசித்து வாசித்துத்தான் வரும்.

நாம் செய்வது வேறு. அரங்கேற்றம் என்றால் மண்டபம், அலங்காரம், சாப்பாடு, அழைப்பிதழ், வெளிநாட்டிலிருந்து பக்கவாத்தியம். ஆயிரக்கணக்கான வெள்ளியை ஒரே இரவில் செலவழிக்கிறோம். சில குடும்பங்கள் கடன் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்கு அடுத்த கச்சேரி எங்கே? பெரும்பாலும் கல்யாண வீட்டில், விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அல்லது எங்கேயும் இல்லை.

ஒரே இரவில் செலவழிக்கும் பணத்தைப் பத்தாகப் பிரித்தால் பத்துச் சிறிய கச்சேரிகள் நடக்கும். மேளதாளமும் ஒலிபெருக்கியும் மண்டபமும் நம் கோயில்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்த பிறகு, அரை மணி நேரம் ஒரு உள்ளூர்ப் பிள்ளைக்கு என்று ஒதுக்கினால் போதும். வேலை பார்க்கும் இளைஞர்களும் இதில் நிறையச் செய்யலாம். பத்து நண்பர்கள் சேர்ந்தால், ஒரு பிள்ளையின் ரயில் செலவை ஓர் ஆண்டுக்கு ஏற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. நல்ல கேமராவும் ஒலிவாங்கியும் வைத்திருப்பவர் ஒரு கச்சேரியைப் பதிவு செய்து கொடுக்கலாம். உபகாரச் சம்பள விண்ணப்பத்தோடு அனுப்ப நல்ல பதிவு இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஓர் அமைப்பில் சேர்க்கும் முன், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை முறை என் பிள்ளை மேடையில் வாசிக்கும்? மற்ற மாணவர்களோடு சேர்ந்து வாசிக்க வைப்பீர்களா? மூத்த கலைஞர்களைக் கேட்கக் கூட்டிப் போவீர்களா? ஐந்து ஆண்டுகளுக்கு முன் இங்கே படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

இருபத்தைந்து நிமிடம்

ஊர் முழுக்க உபதேசம் செய்துவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? பாகான் செராய்க்குப் போய், எங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பலர் கும்பிடும் ஒரு கோயிலின் தலைவரைப் பார்த்தேன். “வயலினா? சனங்க உக்காருமா தம்பி?” என்றார். “ஒரு வாரம் பார்ப்போம் ஐயா, உட்காரலைன்னா விட்டுடலாம்” என்றேன். வெள்ளிக்கிழமை, இருபத்தைந்து நிமிடம் என்று முடிவானது.

மிருதங்கத்துக்குத் தைப்பிங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். கூட்டம் ஏறக்குறைய நாற்பது பேர். பாதிப் பேர் பிரசாதத்துக்காக நின்றவர்கள். மருமகள் வர்ணத்தில் ஓரிடத்தில் தடுமாறினாள். நின்றாள். வில்லை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பிடித்தாள். அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஹம்சத்வனிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தேவாரம் ஒன்றை வாசித்தபோது, தூணோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கூடவே மெல்லப் பாட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மச்சான் கடைசி வரிசையில், வேலைச் சட்டையோடு, நின்றபடியே கேட்டார். ஏழு ஆண்டுகளாக அவளை ரயிலேற்றி விடுபவர் அவர். மகள் வெளியே வாசித்து அவர் முழுமையாகக் கேட்டது அதுதான் முதல் முறை. வகுப்பு எப்போதும் பினாங்கில், அவருக்கு எப்போதும் வேலை.

அன்றிரவு வீட்டில் ரொட்டி சானாய் வாங்கி வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்தோம். மச்சான்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“ஆறாம் படிவத்த முடி. அதுல மாத்தமில்ல. ஆனா டிசம்பர்ல ஒரு மாசம் சென்னைக்குப் போய்ட்டு வா. அம்மாவும் கூட வரட்டும். மாமா சொல்ற அந்த மத்தியானக் கச்சேரியெல்லாம் கேளு. அதுக்கப்புறமும் போய்ப் படிக்கணும்னு தோணுச்சுன்னா, அந்த உபகாரச் சம்பளத்துக்கு எழுதிப் போடு. பார்ப்போம்.”

அவள் உடனே தலையாட்டவில்லை. “சனிக்கிழமை ரயில்?” என்று கேட்டாள்.

“அது எப்பவும் போல.”

அவள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. மச்சான் நினைத்ததும் முழுதாக நடக்கவில்லை. ஆனால் இருவரும் மறுபடி பேசிக்கொள்கிறார்கள்.

கோயில் தலைவர் அடுத்த வாரமே அழைத்தார். பாரிட் புந்தாரில் புல்லாங்குழல் வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறானாம், அவனுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை கொடுக்கலாமா என்று கேட்டார். நானும் என் நிலையத்தில் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பதினைந்து நிமிடம், மூன்று மாதத்துக்குச் சோதனையாகச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நேரம் இல்லைதான். சென்னையிலும் இளையோருக்குக் கொடுத்தது மதிய வெயிலைத்தானே?

போன முறை ஊருக்குப் போனபோது, அம்மாவின் அலமாரி மேலிருந்த மிருதங்கத்தைக் கீழே இறக்கினேன். தோல் மாற்றி வார் பிடிக்க வேண்டும். தைப்பிங் மாணவரிடம் கேட்டிருக்கிறேன், அவருக்கு ஆள் தெரியுமாம்.